தலை தெரியாத மட்டை

பசையக்காவின் சொந்தப் பெயர் அந்தத் தொழிற்சாலையில் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். வாசல் காவலாளி முதல் மேனேஜர் வரை எல்லாருக்கும் அவள் பசையக்கா. மேனேஜர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அவருக்கும் அக்காதான். அவள் வீட்டுக்காரரே ஒருநாள் போன் செய்து "பசையக்கா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் செய்வது கோல்ஃப் மட்டைக்குத் தலை ஒட்டுகிற வேலை. மேலே ரப்பர் பிடி, நடுவில் நீளத் தண்டு, அடியில் பந்தை அடிக்கிற தலை, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் மட்டை. தலைக்கு ஒரு கழுத்து உண்டு, கழுத்தில் ஒரு துளை. தண்டின் நுனியை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, இரண்டு டியூப் பசையைச் சரிக்குச் சரி கலந்து தடவி, துளைக்குள் விட்டு, ஒரு திருகு திருகி, ஒருநாள் முழுக்க அசையாமல் நிறுத்திவைக்க வேண்டும். இவ்வளவுதானா என்று கேட்கிறவர்களிடம் அவள் வாதாடுவதில்லை. கொஞ்சம் பசையைக் கலந்து கையில் கொடுத்துவிடுவாள். அப்படிக் கேட்ட விற்பனைக்காரர் ஒருவர் அன்று மதியம் வரை கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் பிரிக்க முடியாமல் அலைந்தார்.

பதினோரு வருஷத்தில் அவள் ஒட்டிய தலை ஒன்றுகூடக் கழன்று வந்ததில்லை. வீசுகிற வேகத்தில் கழன்றால் பக்கத்தில் நிற்கிறவர் மண்டை போய்விடும். சாமான்தான் விளையாட்டுச் சாமான், வேலை விளையாட்டில்லை. இந்தப் பெருமையை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. உள்ளுக்குள் நிறையவே இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை ஒன்பது பெட்டிகள் திரும்பி வந்தன. ஒன்பதும் பெண்களுக்கான புது மட்டை. முன்பெல்லாம் அங்கே பெண்களுக்கென்று தனியாக ஒன்றும் செய்ததில்லை. ஆண்களின் மட்டையில் இரண்டு அங்குலம் வெட்டி, பிடிக்கு ஊதா நிறம் கொடுத்து, பெண்கள் மட்டை என்று பெயர் வைத்துவிடுவார்கள். அதைப் பொறுக்க முடியாமல், புதிதாக ஆட வரும் பெண்களுக்கென்றே தலை, தண்டு, பிடி எல்லாவற்றையும் கனம் குறைத்து அடியிலிருந்து வடிவமைத்தவள் அளவம்மா. முப்பது வயது இன்ஜினியர். சேர்ந்த முதல் வாரமே டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எல்லாப் பெண்களின் உள்ளங்கையையும் அளந்ததால் வந்த பெயர். பசையக்காவுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். நமக்காக ஒருத்தி இவ்வளவு மெனக்கெடுகிறாளே என்ற பிடித்தம்.

விற்பனை அலுவலகத்துக்காரர்கள் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். ஒன்றில் 'தலைக் கோளாறு'. இன்னொன்றில் 'தலை சரியில்லை'. மூன்று பெட்டிகளில் மொட்டையாக 'தலை இல்லை'.

சூப்பர்வைசர் சீட்டுகளைப் பிய்த்தெடுத்துக்கொண்டு பசை மேடைக்கு வந்தார்.

"பசையக்கா, ஒன்பது பெட்டி. ஒன்பதுலயும் தலைதான்."

"கழண்டுடுச்சா?"

"அப்படித்தானே எழுதியிருக்கு."

"பெட்டியைத் திறந்து பாத்தீங்களா?"

"எழுதியிருக்கறதை எதுக்குத் திறந்து பார்க்கணும்?" என்றார் சூப்பர்வைசர். அவர் கேட்டதில் கேலி எதுவும் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் முடிவெடுப்பார், அதுவரை அவள் பசையைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் மேஜையில் தலை ஒட்டுகிற எந்திரம் ஒன்றின் வண்ணப் புத்தகம் ஒரு மாதமாகக் கிடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். அந்த மேடை போய்விட்டால் அவளுக்கு வேறு வேலை கொடுப்பார்கள்தான். ஆனால் பசையை எடுத்துவிட்டால் பசையக்காவில் மிச்சம் என்ன இருக்கிறது என்று அவளே யோசித்துப் பார்த்தாள்.

அவளை ஸ்டிக்கர் ஒட்டுகிற மேஜைக்கு மாற்றினார்கள். பக்கத்து மேஜையில் பேக்கிங் வேலை பார்ப்பவள் அவளுடைய நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. இந்த வேலைக்கு அவளைக் கூட்டிவந்ததே பசையக்காதான். அந்த நன்றியை நாத்தனார் தினமும் கிண்டலாகத் திருப்பிச் செலுத்திவந்தாள்.

"ஸ்டிக்கரும் ஒட்டுறதுதானே அண்ணி. இதுல தலை கழண்டா யாருக்கும் அடி படாது."

பசையக்கா சிரிக்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் ஒன்பது பெட்டிகளையும் பிரித்தாள். ஒவ்வொரு மட்டையாக எடுத்துப் மேஜையில் பதித்த பட்டறைப் பிடியில் இறுக்கி, தலையைப் பிடித்து முறுக்கினாள். இரண்டு கையாலும் தொங்கினாள். பிறகு நாத்தனாரையும் சேர்ந்து தொங்கச் சொன்னாள். தண்டு வளைந்ததே தவிர ஒரு தலையும் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் ஒன்றைச் சூடு காட்டி இளக்கிக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே பசை ஓட்டை உடைசல் இல்லாமல் சுற்றிவர ஒரே சீராகப் பிடித்திருந்தது.

"எல்லாத்துலயும் தலை இருக்கே அண்ணி. அப்ப யாரோட தலையைத்தான் காணோம்னு எழுதியிருக்காங்க?"

"அதுதான் எனக்கும் தெரியணும்" என்றாள் பசையக்கா. அந்த நிமிஷம் வரை அவளுக்கு இருந்தது கோபம். அதற்குப் பிறகு வந்தது வேறு. இருக்கிற தலையை இல்லை, சரியில்லை என்று ஒன்பது பேர், ஒருவரை ஒருவர் அறியாத ஒன்பது பேர், ஏன் சொல்ல வேண்டும்? பைத்தியம் பிடித்ததென்றால் ஒருத்திக்குப் பிடிக்கலாம். ஒன்பது பேருக்குமா?

சீட்டு என்பது விற்பனை அலுவலகத்தார் சுருக்கி எழுதியது, முழுக் கடிதம் எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும்? மறுநாள் காலை விற்பனை அலுவலகத்தில் போய் நின்றாள். அங்கிருந்த குமாஸ்தா தலையைச் சொறிந்துவிட்டு ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்தார். பல் டாக்டர் ஒருத்தி எழுதியது. 'மட்டை மிக அழகாக இருக்கிறது. கனமே இல்லை. ஆனால் கையை ஓங்கிய பிறகு மறுமுனையில் தலை இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. பார்த்தால் இருக்கிறது. மறுபடி ஓங்கினால் இல்லை.'

பசையக்கா அந்தக் கடைசி இரண்டு வரியை நாலு தடவை படித்தாள். பல் டாக்டர் பொய் சொல்கிற மாதிரித் தெரியவில்லை. பார்த்தால் இருக்கிறது, ஓங்கினால் இல்லை. அது என்னவென்று தெரியவேண்டுமானால் ஓங்கித்தான் பார்க்கவேண்டும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பதினோரு வருஷத்தில் அவள் கைபட்ட மட்டைகளை அடுக்கினால் அந்தக் கட்டடம் கொள்ளாது. ஆனால் அவள் மட்டையை வீசியது வாழ்நாளில் ஒரே ஒருநாள்தான். புது மட்டைக்கு அளவெடுப்பதற்காக அளவம்மா சோதனை அறைக்கு ஆறு பெண்களை அழைத்திருந்தாள். ஆளுக்குப் பத்து வீச்சு வீசிவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். அதோடு சரி. சமையல்காரர் தான் சமைத்ததை ருசி பார்க்காமல் பதினோரு வருஷம் ஓட்ட முடியுமா? இங்கே முடிந்திருக்கிறது. யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை, அவளுக்கும்தான்.

மதியம் லாரிகள் சரக்கேற்றும் பின்முற்றம் காலியாக இருந்தது. பெண்கள் மட்டை ஒன்று, ஆண்கள் மட்டை ஒன்று. முதலில் பெண்கள் மட்டையை ஓங்கினாள். வீசினாள். விசிறியைச் சுழற்றின மாதிரி சர்ரென்று போனது. எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று கைக்கு ஒரு தகவலும் வரவில்லை. அடுத்து ஆண்கள் மட்டை. ஓங்கும்போதே உச்சியில் ஏதோ ஒன்று தொங்குவது மணிக்கட்டுக்குத் தெரிந்தது. இறக்கும்போது அது தானே கீழே விழுந்து கையையும் கூட்டிக்கொண்டு வந்தது. நீளமும் கனமும் அவளுக்குக் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் தலை இருந்தது. திரும்பிப் பார்க்காமலே இருந்தது.

"ஓ" என்றாள் பசையக்கா, தனக்குத்தானே.

பசை மேடை இழுப்பறையில் ஈயப் பட்டை ஒரு சுருள் எப்போதும் இருக்கும். எடை ஒரு துளி குறைகிற தலைக்கு வெட்டி ஒட்டுவது. சூப்பர்வைசர் பசையைத் தொடாதே என்றாரே தவிர ஈயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெண்கள் மட்டையின் தலைக்குப் பின்னால் ஒரு துண்டு ஒட்டி வீசினாள். இல்லை. இரண்டு துண்டு. இல்லை. மூன்றாவதில் என்னமோ வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. நாத்தனார் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, மட்டைக்குப் பத்துப் போடுறீங்களா?" என்றாள். ஆறாவது துண்டில் தலை வந்தது.

வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஓங்கினாள், உச்சியில் இருந்தது. இறக்கினாள், கூடவே இறங்கியது. மட்டை இன்னமும் லேசுதான், ஆண்களுடையதற்குப் பக்கத்தில் வைத்தால் தூசி. ஆனால் இப்போது அது முழு மட்டை. நாத்தனாரிடம் கொடுத்தாள். அவள் ஒரு வீச்சு வீசிவிட்டு, கிண்டலுக்கு வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, இன்னொரு தடவை வீசினாள்.

மட்டையை எடுத்துக்கொண்டு பசையக்கா நேராக அளவம்மாவின் அறைக்குப் போனாள். பசை தப்பித்தது என்ற சந்தோஷம், கண்டுபிடித்த சந்தோஷம், இரண்டும் சேர்ந்து கால் தரையில் பாவவில்லை.

அளவம்மா பொறுமையாகக் கேட்டாள். அவள் முகம் வாடியிருந்தது, ஒன்பது பெட்டிகள் அவளையும்தான் தூங்கவிடவில்லை. ஈயத் துண்டுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கணினியில் ஒரு படத்தைத் திறந்தாள்.

"எடை கம்மியா இருக்க வாய்ப்பே இல்லக்கா. ஒருத்தர் வீசுற வேகத்துக்குத் தகுந்துதான் தலையோட எடை வைக்கணும். வேகம் கம்மின்னா தலையும் லேசாத்தான் இருக்கணும். நீங்க ஆறு பேரும் வீசினதை வெச்சுத்தான் போட்டேன். பாருங்க, சராசரி மணிக்கு எழுபத்தி நாலு கிலோமீட்டர். இந்த வேகத்துக்கு இதுதான் எடை. நூறு தடவை போட்டுப் பாத்துட்டேன். கணக்கு தப்பலை." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எடை சரின்னா, வேற ஏதோ தான் காரணம். வெயில்ல சூடேறினா பசை கொஞ்சம் இளகுமோன்னு சூப்பர்வைசர் கேட்கிறாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியலைக்கா."

பசையக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் கண் படத்தில் இருந்த ஆறு கம்பங்களை விட்டு நகரவில்லை. மூன்றாவது கம்பம் அவளுடையது. எழுபத்தொன்று. சோதனை அறை ஞாபகத்துக்கு வந்தது. தாழ்ந்த கூரை. அவர்கள் வீசப் போனதற்கு முந்தின வாரம்தான் ஆண்கள் மட்டையைச் சோதிக்க வந்த விற்பனைக்காரர் ஒருவர் ஓங்கின ஓங்கலில் டியூப் லைட்டை உடைத்திருந்தார். அறை முழுக்கக் கண்ணாடித் தூள். அதனால் பெண்கள் போன அன்றைக்கு ஸ்டோர்காரர் கதவிலேயே நின்றுகொண்டு, "பாத்தும்மா, மேல லைட் இருக்கு. மெதுவா, மெதுவா" என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அளவம்மா தடுப்புக்கு அந்தப் பக்கம் கணினியோடு இருந்தாள், அவளுக்கு இது கேட்கவில்லை. ஆறு பேரும் மேலே ஒரு கண்ணை வைத்துக்கொண்டு பூப்போல வீசினார்கள். லைட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்டோர்காரர் பாராட்டவும் செய்தார்.

அந்தப் பூப்போலத்தான் இப்போது கணினியில் எழுபத்தி நாலு என்று நிற்கிறது. டியூப் லைட்டுக்குப் பயந்து வீசின வீச்சுக்கு ஒரு மட்டை செய்து, ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள்.

அவள் வாயைத் திறக்காமல் வெளியே வந்துவிட்டாள்.

சாயங்காலம் பஸ்ஸில் நாத்தனாரிடம் மட்டும் சொன்னாள். நாத்தனாருக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணி. ஒழுங்கா வீசாம ஏமாத்திட்டாளுங்கன்னு ஆறு பேரையும் நிக்க வெச்சுக் கேட்பாங்க. அந்தப் பொண்ணும் பாவம். முதல் முதல்ல அவ பேருல வந்த மட்டை அது."

"சொல்லலைன்னா பசைன்னு முடிவாயிடும்."

"ஸ்டிக்கர் மேஜை ஒண்ணும் மோசமில்லையே. நானும் பக்கத்துல இருக்கேன்."

"அதுதான் மோசம்" என்றாள் பசையக்கா. இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு இரண்டு நிறுத்தம்கூடத் தாங்கவில்லை. வாயை மூடினால் பசை கெட்டது என்று ஆகும். திறந்தால் அளவம்மாவின் மட்டை கெட்டது என்று ஆகும். தன் பெயரைக் காப்பாற்ற அந்தப் பெண்ணின் தலையில் கை வைப்பதா? ஆனால் மறைத்தால் மட்டும் அவளுக்கு என்ன நல்லது? வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இதே மட்டை இன்னும் முன்னூறு செட் வண்டியேறும். முன்னூறு பேர் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். தனக்குத்தான் பலம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு சில பேர் மட்டையை மூலையில் சாத்திவிடுவார்கள். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

புதன்கிழமை காலை, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்த அளவம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். லைட், ஸ்டோர்காரர், பூப்போல, எல்லாம்.

அளவம்மா டேப்பைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "அன்னிக்கே ஏன்க்கா சொல்லலை?" என்று கேட்டாள்.

"நீங்க வீசச் சொன்னீங்க மேடம், வீசினோம். முழு பலத்தோட வீசுங்கன்னு சொல்லலையே."

"அந்த விற்பனைக்காரர்கிட்டயும் நான் அப்படிச் சொல்லலை. அவர் பாட்டுக்கு முழு பலத்தோட வீசி லைட்டையே உடைச்சாரு." சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவள் போல நிறுத்தினாள். "உங்ககிட்ட சொல்லியிருக்கணும்னு எனக்கே தோணலை. உங்க வேகம் அவ்வளவுதான்னு வந்ததும் நம்பிட்டேன். நானும் பொண்ணுதானே, ஒரு சந்தேகம்கூட வரலை பாருங்க."

அவள் அழுவாள் என்று பசையக்கா எதிர்பார்த்தாள். அழவில்லை. நேராகச் சோதனை அறைக்குப் போய், வேகம் காட்டும் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்ற ஆரம்பித்தாள்.

மேனேஜரிடம் அவளே போய்ச் சொன்னாள். "பசை சரி சார். அளவு தப்பு. அளவு என்னோடது." கூட நின்ற பசையக்கா, "நாங்களும் ஒழுங்கா வீசலை சார்" என்று குறுக்கே சொன்னதை அளவம்மா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மேனேஜர் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். வழக்கமாக அவரிடம் வருகிறவர்கள் தப்பு இன்னொருத்தர்மேல் என்றுதான் சொல்வார்கள். அதனால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "வெள்ளிக்கிழமை என் கண்ணு முன்னால அளந்து காட்டுங்க. வேகம் மாறினா வண்டியை நிறுத்துறேன். மாறலைன்னா எந்திரம் வரும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பின்முற்றத்தில் லாரிகளை ஒதுக்கி, வலை கட்டி, வேகப் பெட்டியை முக்காலியில் வைத்தார்கள். மேலே வானம்தான். மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். சூப்பர்வைசர் அவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்று வீசின மற்ற ஐந்து பெண்களும் பின்னால் வரிசையாக நிற்க, முதலில் பசையக்கா. ஈயப் பட்டை ஒட்டிய மட்டை.

"முழு பலத்தோட வீசுங்கக்கா" என்றாள் அளவம்மா.

பசையக்கா ஓங்கினாள். தலை உச்சியில் இருந்தது. வீசினாள். பந்து வலையில் போய் முட்டியது. பெட்டி தொண்ணூற்றெட்டு என்று காட்டியது. சூப்பர்வைசர் கட்டிய கையை அவிழ்த்தார்.

"இதுதான் முழு பலமாக்கா?"

"ஆமா" என்றாள். பிறகு, "இல்லைன்னு நினைக்கிறேன்" என்றாள்.

இன்னொரு பந்து. நூற்று ஏழு. இன்னொன்று. நூற்றுப் பதிமூன்று.

"போதும், போதும், புரிஞ்சுபோச்சு" என்று மேனேஜர் எழுந்தார். "வண்டியை நிறுத்தச் சொல்லுங்க. அக்கா நாளைலேர்ந்து பசை மேடைக்குப் போகட்டும்."

நாத்தனார் கைதட்டினாள். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் பசையக்கா அந்த வாரம் முழுக்க வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தாள். ஆனால் அது அவள் காதில் பாதிதான் விழுந்தது. அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு மேல போகுமா மேடம்?"

"அது உங்களுக்குத்தானேக்கா தெரியும்."

"எனக்குத் தெரியலையே" என்றாள் பசையக்கா. நாற்பத்து மூன்று வயது. பாத்திரத்தை மெதுவாக வை, கதவை மெதுவாகச் சாத்து, பார்த்து நட, மேலே லைட் இருக்கிறது. எதையாவது முழுசாக ஒரு தடவை செய்து பார் என்று ஒருத்தரும் சொன்னதில்லை, அவளும் யாரையும் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு காலை அகட்டி நின்றாள்.

"இன்னொரு பந்து வைங்க மேடம்" என்றாள். "தெரிஞ்சுக்கணும்."